இரண்டாவது சேமிப்பு

குழாயை மூடிய பிறகும் ஒரு கணம் உள்ளங்கையை அதன் அடியில் ஏந்திக்கொண்டு நிற்பாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சொட்டு விழவில்லை என்று கைக்குத் தெரிந்த பிறகுதான் நகர்வாள். அதனால் தம்பி அவளுக்குச் 'சொட்டு' என்று பேர் வைத்தான். அவளுக்குக் கல்யாணமாகி, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குப் போய், தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை. "என்ன சொட்டு, குழாய் கோவிச்சுக்கிச்சா?" என்பான்.

கரண்ட் போனாலும் எழுதியதை மறக்காத ஒருவகை மெமரி உண்டு. அதில் கோப்புகளைக் காக்கும் சாஃப்ட்வேரை எழுதுவது அவள் வேலை. அந்த மெமரியில் புரோகிராம்கள் நேராகவே எழுதிவிடும். ஆனால் எழுதியது முதலில் பிராசஸருக்குள் இருக்கும் கேஷ் என்ற சின்ன இடத்தில் தங்கும். அங்கிருந்து மெமரிக்குத் தள்ளிவிடுவதற்குள் கரண்ட் போனால், போனது போனதுதான்.

அதில் அவள் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தாள். சாப்பாட்டு மேஜையில் கணவனிடம் சொன்னாள்.

"கோப்போட ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு ரூம்னு வச்சுக்கங்க. கதவு மூடியிருக்கும். எழுத வர்றவன் தட்டணும். வாட்ச்மேன் கதவுல சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டுட்டுத் திறந்து விடுவான். 'சேமி'ன்னு உத்தரவு வந்தா, கோடு இருக்கிற ரூமை மட்டும் பார்த்து, உள்ளதை மெமரிக்குத் தள்ளிட்டுக் கோட்டை அழிச்சிடுவான்."

"சரி, அதுல என்ன?"

"அழிச்சதும் கதவைத் திரும்ப மூடணும்ல? மூடலைன்னா அடுத்து வர்றவன் தட்டாமயே நுழைஞ்சிடுவான். கோடு விழாது. ரெண்டாவது தடவை 'சேமி'ன்னா வாட்ச்மேன் பார்ப்பான், கோடே இல்ல. 'எல்லாம் சேமிச்சாச்சு'ம்பான்."

"புளுகுறானா?"

"அவனுக்கே தெரியாதுங்க. அதான் கொடுமை."

கதவைத் திரும்ப மூடும் பகுதியை அவளே எழுதிச் சேர்த்தாள். சேமித்து, மறுபடி எழுதி, மறுபடி சேமித்து, பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தாள். இரண்டும் பத்திரமாக இருந்தன.

தம்பி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் இந்தச் சாஃப்ட்வேரை வாங்க யோசித்தபோது அவளிடம் கேட்டான். "சொட்டு, நம்பலாமா? முதலாளிகிட்ட நான்தான் வாக்குக் கொடுக்கணும்."

"நம்பு. நானே கையை வச்சுப் பார்த்துட்டேன்" என்றாள்.

வாங்கிப் போட்ட பிறகு ஒருநாள் நண்பகலில் பரிசோதனைக் கூடத்தில் கரண்ட் போயிற்று. வந்தபோது, காலையில் முதலில் சேமித்தது மட்டும் இருந்தது. அதற்குப் பின் பதிந்த முடிவுகள் ஒன்றுமில்லை. ரத்தம் கொடுத்துப் போனவர்களைத் திரும்ப வரச்சொல்லி, குத்திய கையிலேயே மறுபடி குத்தினார்கள்.

"ஒவ்வொரு தடவையும் சேமிச்சாச்சுன்னு வந்துச்சு சொட்டு. என் கண்ணால பார்த்தேன்" என்றான் தம்பி.

அவள் விற்பனைக்குப் போன பதிப்பைத் திறந்து பார்த்தாள். கதவை மூடும் பகுதி அதில் இல்லை.

மேலதிகாரிக்கு ஆபீசில் 'மின்னல்' என்று பேர். எதைக் காட்டினாலும் "வேகம் எவ்வளவு?" என்பதே முதல் கேள்வி.

"சார், நான் எழுதினது எங்க?"

"ஒவ்வொரு தடவையும் கதவைச் சாத்தித் திறந்தா ஆமை வேகம்மா. அடுத்த பதிப்புல போட்டுக்கலாம்னு எடுத்தேன். டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆச்சே."

டெஸ்ட் எல்லாமே ஒருதரம் சேமித்துவிட்டு நிறுத்திப் பார்ப்பவை. இரண்டாந்தரம் சேமித்துப் பார்ப்பது அவள் ஒருத்திதான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே சார்."

"சொன்னா விட்டிருப்பியா?" என்று சிரித்தார்.

பரிசோதனைக் கூடத்து முதலாளி நேரில் வந்தார். மின்னல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "எங்க பக்கம் சுத்தம் சார். உங்க மெஷினைப் பார்த்துக்கிறவர்தான் கவனிக்கல" என்றார். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதை.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் அன்றைக்கு எழுந்து நின்றாள். "இல்ல சார். தப்பு எங்களோடது. ரெண்டாவது தடவை சேமிக்கிறது மெமரிக்குப் போகவே இல்ல. நான் காட்டுறேன்."

மின்னல் பதறவில்லை. முதலாளி பக்கம் திரும்பி, "இவங்க அந்தப் பையனோட கூடப்பிறந்த அக்கா. பாசம் இருக்கத்தானே செய்யும்?" என்றார்.

முதலாளிக்கு அது புதுச் செய்தி. அதற்குப்பின் அவர் அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவே இல்லை. "அக்கா கம்பெனின்னுதான் என் தலையில கட்டினானா?" என்று மட்டும் கேட்டார். கண்டிப்போடு போயிருக்க வேண்டியது, தம்பியின் வேலையையே கொண்டுபோயிற்று.

சாயங்காலம் தம்பி கூப்பிட்டான். "நம்புன்னும் நீங்கதான் சொன்னீங்க. தப்புன்னும் நீங்கதான் சொன்னீங்க. போதும். வச்சிடறேன்க்கா."

அக்கா என்று அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. 'நீங்க' என்றதும்.

அடுத்த பதிப்பில் கதவு மூடும் பகுதி திரும்ப வந்தது. நம்பகத்தன்மையை உயர்த்தியதற்காக மின்னலுக்கு ஆபீசில் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

இப்போதும் அவள் அதே நாற்காலியில்தான் வேலை பார்க்கிறாள். தம்பி ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். அவள் கூப்பிட்டால் எடுப்பதில்லை. நன்றாக இருக்கிறான் என்று அம்மா சொல்லித்தான் தெரிந்துகொள்கிறாள்.