அதிகாரியின் கோட்டு

மொழிபெயர்ப்புக் கூண்டுக்குள் உட்கார்ந்தால், கேட்டதைத் தவிர ஒரு சொல் கூடுதலாக வராது அவள் வாயில். அலுவலகத்தில் அவளுக்குக் கிளிப்பிள்ளை என்றே பெயர்.

அவளுடைய அப்பாவுக்கு ஏழு வயதிருக்கும்போது பக்கத்து நாட்டுப் படை ஊருக்குள் புகுந்தது. மாவு மில் வாசலில் ஆண்களை வரிசையாக நிறுத்தினார்கள். அதிகாரி தன் கோட்டைக் கழற்றி, ரத்தம் தெறிக்காமல் வைத்திருக்கச் சொல்லி அந்தச் சிறுவனிடம் கொடுத்தான். வரிசையில் சிறுவனின் தகப்பனும் நின்றிருந்தார். சுட்டு முடித்ததும் அதிகாரி கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு, பையன் கன்னத்தில் செல்லமாகத் தட்டிவிட்டுப் போனான்.

இந்த வருடம் இரு நாட்டு இளைஞர்களும் பழைய போரைப் பற்றிப் பேச நகர மன்றத்தில் கூடினார்கள். அந்த நாட்டு மாணவன் ஒருவன் திரையில் ஒரு படம் காட்டினான். அதே மாவு மில். வாசலில் கோட்டும் சிரிப்புமாக அவன் தாத்தா.

"எங்க தாத்தா ரொம்ப நல்லவரு. அவரு கோட்டைப் பிடிச்சிக்க இந்த ஊர்ப் பசங்க போட்டி போடுவாங்களாம்."

கிளிப்பிள்ளை அதையும் பிசகாமல் மொழிபெயர்த்தாள். அரங்கம் கைதட்டியது. அவளுக்கு உச்சி வரை சூடேறியது. மேடைக்கு வந்துவிட்டாள்.

"உன் கோட்டைக் கழட்டு," என்றாள் அவன் மொழியிலேயே. திருதிருவென்று விழித்தபடி கழற்றினான். "கையில வச்சிக்கோ. நான் முடிக்கிற வரைக்கும் கீழ விடாத."

"அம்மா, இது நல்லிணக்கக் கூட்டம்..." என்று ஒருங்கிணைப்பாளர் ஓடி வந்தார்.

"முடிச்சிட்டு உக்காருறேன் சார்."

இரண்டு மொழியிலும், அவசரப்படாமல், எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முகம் வெளிறி, பிறகு உடைந்து அழுததைக் கண்கொட்டாமல் பார்த்தாள். நெஞ்சு குளிர்ந்தது.

வாசலில் அவன் வழிமறித்தான். "உங்க அப்பாவை நான் பார்க்கலாமா?"

"எதுக்கு? மன்னிப்பு வாங்கிக்கிட்டு நிம்மதியா ஊர் போய்ச் சேரவா? உங்க வீட்டுக்குப் போ. எல்லாரும் சாப்பிட உக்காந்திருக்கும்போது இதைச் சொல்லு."

சாயங்காலமே வேலை போயிற்று. டயர் கடையில் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவிடம் நடந்ததைச் சொன்னாள்.

"அழுதானா?"

"அழுதான்பா."

"நல்லா அழுதானா?"

"தேம்பித் தேம்பி."

அப்பா நிமிரவில்லை. "வேலை கெடக்கட்டும் போ. வேற வேலையா இல்ல," என்றார்.

சில மாதம் கழித்து மாணவனிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. வீட்டில் சொல்லிவிட்டானாம். தாத்தாவின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கியதற்கு அவன் அப்பா அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டாராம்.

இரண்டு தடவை ஆசையாகப் படித்தாள். பதில் போடவில்லை.