மீன் இல்லாத நாலடித் தொட்டி

சின்னதாக ஆரம்பி என்று சொல்லாத ஆள் இல்லை. அப்பா சொன்னார், அத்தை சொன்னார், கடைசியில் மீன் கடை முதலாளியான தவுக்கேயும் சொன்னார். கடல் மீன் வளர்க்க ஆசைப்படுகிற பெண் முதலில் ஒரு கண்ணாடிக் குடுவையில் கப்பி வளர்த்துப் பழக வேண்டுமாம். வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற லொங்காங் சாக்கடையில் கப்பி பிடித்து ஜாம் பாட்டிலில் விட்டு வளர்த்தவள் நான். அந்தப் பழக்கமெல்லாம் எட்டு வயதிலேயே முடிந்துபோயிற்று.

எண்பதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தேழு வயது. போர்ட் கிள்ளானில் சரக்கு அனுப்புகிற ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. வீடு பிரிக்ஃபீல்ட்ஸில், வாடகைக்கு. போகும்போதும் வரும்போதும் கிள்ளானில் பஸ் மாற வேண்டும். பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்சந்தில் அந்த மீன் கடை இருந்தது. முன்பக்கம் முழுக்கத் தங்கமீன், கப்பி, சண்டை மீன். உள்ளே இருட்டில் ஒரே ஒரு தொட்டியில் கடல்நீர். அதில் ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு கோமாளி மீன்கள். நாளெல்லாம் துறைமுகத்தில் உட்கார்ந்து நான் பார்க்கிற கடல் சேற்று நிறத்தில் இருக்கும், எண்ணெய் மிதக்கும். இந்தக் கடல் வேறாக இருந்தது. எனக்கு அது வேண்டும் என்று தோன்றியது. அதற்கு மேல் காரணம் எதுவும் இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

தவுக்கே ஓர் அடி நீளத் தொட்டியைத் தூக்கிக் காட்டினார். "தங்கச்சி, பாரு பெலாஜார், அம்பில் கெச்சில் லா." இப்போதுதான் கற்றுக்கொள்கிறாய், சின்னதை எடு என்றார். தொட்டி, உப்பு, இரண்டு மீன், எல்லாவற்றையும் அன்றைக்கே பையில் போட்டுத் தருவதாகவும் சொன்னார்.

பழைய புத்தகக் கடையில் வாங்கிய மீன் பத்திரிகைகளை நான் அதற்குள் கிழிகிற அளவுக்குப் படித்திருந்தேன். கடல்நீரில் சின்னத் தொட்டிதான் கஷ்டம். ஒருநாள் வெயிலில் கொஞ்சம் தண்ணீர் வற்றினால் உப்பு ஏறிவிடும். ஒரு சிட்டிகை உணவு அதிகமாகப் போட்டால் தண்ணீர் கெட்டுவிடும். பெரிய தொட்டியில் நாம் செய்கிற தப்பு மெதுவாகத்தான் மீனைப் போய்ச் சேரும், அதற்குள் திருத்திக்கொள்ளலாம். புதிதாக வளர்க்கிறவளுக்குத்தான் பெரிய தொட்டி வேண்டும். இதை விளக்கிச் சொன்னேன். தவுக்கே என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நாலடித் தொட்டியைக் காட்டினார். அதையே எடுத்தேன். மீன் எது வேண்டும் என்று கேட்டார். இப்போதைக்கு மீன் வேண்டாம் என்றேன். அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

தொட்டி லோரியில் வந்து இறங்கியது. ஹாலில் அப்பாவின் நாற்காலிக்கு எதிர்ச்சுவரில், இரும்புச் சட்டத்தின் மேல் ஏற்றினோம். அடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டு, அதன் மேல் உடைத்த பவளமும் மணலும். உப்புக் கரைத்த தண்ணீரை நிரப்பிக் காற்று மோட்டாரைப் போட்டேன். குமிழி வந்தது. அவ்வளவுதான். இனி மீன் விட ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்று சொன்னதும் அம்மா என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.

விஷயம் இதுதான். மீனின் கழிவு தண்ணீரில் விஷமாக மாறும். அந்த விஷத்தைத் தின்று தீர்க்கிற நுண்ணுயிர்கள் மணலில் பெருக வேண்டும். அதற்கு நாளாகும். அதுவரை அவற்றுக்கு இரை வேண்டும் என்பதற்காக நான் தினமும் காலையில் ஒரு சிட்டிகை மீன் உணவைத் தண்ணீரில் தூவிவிட்டு வேலைக்குப் போவேன். மீன் இல்லாத தொட்டிக்குச் சாப்பாடு. வெள்ளிக்கிழமை அம்மா சாம்பிராணி போடும்போது ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துவேன், ஹாலில் இருக்கிற புகையை அது தண்ணீருக்குள் இழுத்துவிடும்.

"உள்ள ஒண்ணுமே இல்ல," என்பார் அம்மா. "யாரு மூச்சு முட்டிச் சாகப் போறா?"

அப்பாவின் தங்கை, என் அத்தை, வாரத்துக்கு இரண்டு முறை வருவார். அவர் வாய்க்கு நான் அவலாகக் கிடைத்தேன். "மீனுக்குப் பசியாறக் குடுத்தாச்சா?" என்பார். கொடுத்தாயிற்று என்பேன். "பாவம், இளைச்சுப் போச்சு பாரு, கண்ணுக்கே தெரியல." அப்பா பேப்பருக்குப் பின்னால் சிரிப்பார். எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். ஆனாலும் மறுநாள் காலை ஒரு சிட்டிகை தூவாமல் கிளம்பமாட்டேன்.

அந்த வாரங்களில்தான் அத்தை ஒரு வரன் கொண்டுவந்தார். ஸ்ரீ கெம்பாங்கானில் சொந்த வீடு, கவர்மென்ட் வேலை, ஒரே பையன். சனிக்கிழமை மத்தியானம் பெண் பார்க்க வருகிறார்கள் என்றார். சொல்லிவிட்டுத் தொட்டியைப் பார்த்தார்.

"இத மொதல்ல பின்னாடி தூக்கிப் போடுங்க அண்ணி. காலித் தண்ணிக்குச் சோறு போடுறான்னு வெளிய தெரிஞ்சா, பொண்ணுக்குப் புத்தி சரியில்லன்னு ஒரு பேச்சு வந்துரும். அப்புறம் எந்த எடமும் அமையாது."

அம்மா பயந்துவிட்டார். எனக்குப் பிறகு ஒரு தங்கையும் வீட்டில் இருந்தாள். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். அதற்காக விட்டுக்கொடுக்கவும் முடியாது. புடவை கட்டிக்கொண்டு வந்து உட்காருகிறேன், டீ கொடுக்கிறேன், கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், தொட்டி மட்டும் இருந்த இடத்தில் இருக்க வேண்டும் என்றேன். அப்பா பேப்பரை மடித்துவிட்டு, "சரி, இருக்கட்டும்," என்றார். அம்மாவும் தலையாட்டினார்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஏதோ குறைந்தது. மோட்டார் சத்தம் இல்லை. ஹாலில் என் தொட்டியும் இல்லை. அந்த இடத்தில் பூப்போட்ட மேசைத்துணி விரித்த உயரமான மேசை ஒன்று நின்றது. மேலே கேசரித் தட்டு, கறிபாப், வாழைப்பழச் சீப்பு, ஒரு ஜாடியில் பிளாஸ்டிக் ரோஜா. துணியின் ஓரத்தைத் தூக்கினேன். ஒரு பலகைக்கு அடியில் என் தொட்டி, கண்ணாடிக்குள் தண்ணீர் இல்லை. அடியில் மணல் மட்டும் ஈரமாகக் கிடந்தது.

"இப்பத்தான் அத்தை டியூப் போட்டு எறக்குனாங்க," என்றார் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். "தண்ணிதானேம்மா. நாளைக்கு ஊத்திக்க. இன்னிக்கு ஒரு நாள்."

தண்ணீர்தானே. அந்த ஒரு சொல்லில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மணலில் விரலை விட்டு முகர்ந்து பார்த்தேன். இன்னும் கடல் வாசனைதான் வந்தது. அதில் இருக்கிற உயிர்களுக்குத் தண்ணீரும் காற்றும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இப்படியே துணிக்குள் புழுங்கிக் கிடந்தால் சாயங்காலத்துக்குள் செத்து நாறிவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வந்தவர்கள் சாவகாசமாகப் பேசிக் கிளம்புகிற வரை காத்திருக்க முடியாது. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. அத்தை என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய் அறைக்கதவைச் சாத்தினார்.

புடவை கட்டினேன். அம்மா பூ வைத்துவிட்டார். டீத்தட்டோடு ஹாலுக்கு வந்தேன். பையன், அவர் அம்மா, இரண்டே பேர். பையன் மேசையாக்கப்பட்ட என் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டீயை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, கோப்பையை அதன் மேலேயே வைத்தார். பார்க்க நல்ல மனிதராகத்தான் இருந்தார். நான் சொன்னபடி உட்கார்ந்தேன். எங்கே படித்தேன், என்ன வேலை, சமைக்கத் தெரியுமா என்று அந்த அம்மா கேட்டார். சொன்னபடி பதில் சொன்னேன். கண் மட்டும் அந்தத் துணியை விட்டுப் போகவில்லை. பேச்சை மீறியது நானில்லை என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டேன். பிறகு எழுந்தேன்.

"கொஞ்சம் இத பிடிச்சுக்கிறீங்களா?" என்று கேசரித் தட்டை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தேன். அவர் எழுந்து வாங்கிக்கொண்டார். அவர் கோப்பையையும் கறிபாப்பையும் பழத்தையும் ரோஜாவையும் தரையில் வரிசையாக வைத்தேன். துணியை உருவி மடித்து அம்மாவிடம் கொடுத்தேன், பலகையைச் சுவரில் சாய்த்தேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குளியலறைக்குப் போனேன்.

அங்கே ஒரு நீலப் பிளாஸ்டிக் டிரம்மில், பிறகு தேவைப்படும் என்று நான் உப்புக் கரைத்து வைத்திருந்த தண்ணீர் இருந்தது. விருந்தாளிகள் கண்ணில் படாத இடம் என்பதால் அத்தை அதைத் தொடவில்லை. வாளியில் மொண்டு வந்தேன். மணல் கலங்காமல் இருக்க ஒரு சாப்பாட்டுத் தட்டை உள்ளே வைத்து அதன் மேல் மெதுவாக ஊற்றினேன். அடுத்த வாளி. அதற்கடுத்த வாளி. பட்டுப்புடவையின் கரையெல்லாம் உப்புத் தண்ணீர்.

கடைசியில் பையனின் அம்மாதான் வாய் திறந்தார். "மீன் எங்கம்மா?"

"இன்னும் இல்ல ஆன்டி."

"அப்ப இவ்ளோ தண்ணி யாருக்கு?"

"வரப் போற மீனுக்கு. இந்த மண்ணு காஞ்சா அதுங்க வந்து வாழ முடியாது."

அவர் என் அம்மாவைப் பார்த்தார். "பொண்ணுக்கு ஒடம்புக்கு ஏதும் முடியலையா?"

"நான் நல்லா இருக்கேன் ஆன்டி," என்று நானே சொன்னேன். "நீங்க வர்றதுக்கு முன்னாடி தண்ணிய எறக்கிட்டாங்க. அதான் திரும்ப ஊத்துறேன்."

பாதித் தொட்டி நிறைந்தது. மோட்டாரைச் செருகினேன். குழாயில் முதலில் செருமல் மாதிரி ஒரு சத்தம், பிறகு குமிழி. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. மாப்பிள்ளை இன்னும் கேசரித் தட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார். நன்றி சொல்லி வாங்கி வைத்தேன். மீதி டீயைக் குடிக்காமலே அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

அத்தை தலையில் அடித்துக்கொண்டார். அம்மா அழுதார். அப்பா பேப்பரைத் திறந்து வைத்துக்கொண்டு எதையும் படிக்காமல் இருந்தார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை, ஈரமான தரையைத் துடைத்தேன்.

நாங்கள் யாரும் நினைக்காத மாதிரி, இரண்டு நாள் கழித்து அத்தை சிரித்த முகத்தோடு வந்தார். "அந்தப் பையனுக்கு ஒன்னைப் பிடிச்சிருக்காம். ஒரே ஒரு விஷயம்தான். அந்தத் தொட்டிய மட்டும் வித்துரணுமாம். அவங்க வீட்டுக்கு அது வேணாமாம்."

"அப்ப எனக்குப் பிடிக்கல," என்றேன்.

"ஒன்ன யாரு கேட்டா?" என்றார் அத்தை. உண்மைதான், யாரும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்லிவிட்டேன் என்று பதில் சொன்னேன். அப்பா அத்தையிடம், "போய்ச் சொல்லிரு," என்றார். அவருக்கும் கோபம்தான், சந்தோஷமாகச் சொல்லவில்லை. அதன் பிறகு பல நாள் வீட்டில் என்னோடு பேச்சு குறைவாகத்தான் இருந்தது. அந்த வேதனை எனக்கு இருந்தது, அதை மறைக்கமாட்டேன்.

மணல் பிழைத்துக்கொண்டது. தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, விஷம் இல்லை என்று தெரிந்த சனிக்கிழமை கிள்ளானுக்குப் போய் மூன்று கோமாளி மீன் வாங்கி வந்தேன். ஒன்று அந்த வாரமே செத்துப்போயிற்று, ஏன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மற்ற இரண்டும் இருந்தன. மூலையில் ஒரு பவளத் துண்டைத் தங்களுடையது என்று வைத்துக்கொண்டு, கையை உள்ளே விட்டால் என்னையே கடிக்க வரும்.

ஒருநாள் சாயங்காலம் அம்மா தொட்டி முன்னால் வந்து நின்றார். மீன்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார்.

"இந்தத் தொட்டிக்காகவா ஒரு நல்ல எடத்த விட்ட?"

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் எனக்கு உதவிக்கு வருவார்கள். தொட்டிக்காக இல்லை, மரியாதைக்காக, உரிமைக்காக என்று அவர்களே ஒரு பதிலை எடுத்துக் கொடுப்பார்கள். தொட்டி என்றால் அவர்களுக்குக் காரணம் போதவில்லை. எனக்குப் போதும்.

"ஆமாம்மா," என்றேன். "தொட்டிக்காகத்தான்."