ஏற்கெனவே ஒருவர் தொடங்கியிருந்தார்

விபத்துக்குப் பிறகு என் தங்கை சக்கர நாற்காலியில் முதன்முதலாக, தமிழ்க் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் போனது தீபாவளிக்குத் துணி வாங்க. கிள்ளானிலிருந்து ரயிலில் சுலபமாகவே வந்துவிட்டோம். கடைகளுக்கு முன்னால் இருந்த நடைபாதைதான் எங்களை மடக்கிப் போட்டது. ஒரு கடை வாசல் சமமாக இருக்கும். அடுத்த கடைக்குப் படி ஏற வேண்டும். ஒவ்வொரு முறையும் யாராவது ஓடிவந்து அவளை நாற்காலியோடு தூக்கி வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவள், "போதும்லா, வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

நான் சுபாங் ஜெயாவில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எங்கே படி, எங்கே சாய்தளம் என்று தன்னார்வலர்களைக் கொண்டு பதிவு செய்ய ஒரு செயலி உருவாக்குவது என்று அந்த வாரமே முடிவு செய்தேன். அதற்குப் பெயர்கூட வைத்தாகிவிட்டது. தங்கையிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்.

"வேற யாரும் இத செஞ்சிருக்காங்களான்னு தேடிப் பாத்தியா?"

"இருந்தா நமக்குத் தெரிஞ்சிருக்காதா?"

"போன வருசம் வரைக்கும் நமக்கு இது தேவப்படவே இல்லயேக்கா. அப்புறம் எப்படித் தெரியும்?"

தேடினேன். முதலில் ஒரு பழைய செயலி கிடைத்தது. அதிலிருந்த கடைகளில் பாதி இப்போது இல்லை. பிறகு, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓர் இலவச வரைபடத்தில் பிரிக்ஃபீல்ட்ஸைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தெருத் தெருவாகப் படிகளும் சாய்தளங்களும் குறிக்கப்பட்டிருந்தன. திருத்தியவர் பெயரைப் பார்த்தால், எல்லாம் ஒரே ஆளின் வேலை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் என் பொருளை யாரோ எடுத்துக்கொண்டதுபோல் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஆளுக்குச் செய்தி அனுப்பினோம். செராஸில் இருக்கும் ஓர் அம்மா. நடக்க முடியாத கணவரை வெளியே அழைத்துப் போவதற்காகத் தொடங்கியவர். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். என் செயலியைப் பற்றியும், தேடியபோது கிடைத்த பழையதைப் பற்றியும் சொன்னதும் மறுப்பாகத் தலையசைத்தார்.

"புது ஆப் வேணாம்மா. அந்தப் பழைய ஆப் செஞ்ச பசங்கள எனக்குத் தெரியும். நல்ல பசங்கதான். ஆளுக்கொரு பக்கம் வேலைக்குப் போயிட்டாங்க, அப்டேட் பண்ண ஆளில்ல. மேப்புல போட்டா, நான் விட்டாலும் இன்னொருத்தர் திருத்துவாங்க. கிள்ளான்லதான் எனக்கு ஆளே இல்ல."

தங்கை மெல்லச் சொன்னாள். "ஆன்டி, இந்தக் கடைக்கு ரேம்ப் இருக்குன்னு போட்டிருக்கீங்க. ஆனா ரொம்பச் சரிவா இருக்கு. தனியா ஏற முடியல."

"அப்படியா? என் வீட்டுக்காரர நான் தள்ளிட்டு வருவேன், அதான் தெரியல" என்றவர், அங்கேயே கைப்பேசியை எடுத்துத் திருத்தினார். அந்த நிமிடமே என் செயலியை விட்டுவிட்டேன்.

இப்போது சனிக்கிழமைகளில் கிள்ளான் கடைத்தெருவில் சுற்றுகிறோம். அவள் ஏறிப் பார்ப்பாள், நான் படம் எடுத்துக் குறிப்பேன். ஒரு துணிக்கடை வாசலில் கடைக்காரர் வெளியே வந்தார். "என்னாம்மா, படிய போய் போட்டோ எடுக்குறீங்க?"

விஷயத்தைச் சொன்னோம். கேட்டவர் படியை ஒரு முறை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். கோபமோ என்று நினைத்தோம். அடுத்த சனிக்கிழமை அந்த வழியாகப் போனபோது அவரே கூப்பிட்டார். வாசலில் நீளமான பலகைச் சாய்தளம் ஒன்று போடப்பட்டிருந்தது.

"ஏறிப் பாரும்மா. ஆடுனா சொல்லு, ஆணி அடிச்சிடலாம்."

லேசாக ஆடியது. தங்கை சிரித்துக்கொண்டே, யாரும் தொடாமல் ஏறி உள்ளே போனாள்.