ஆட்டோவில் ஏறிய காவடி

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. ஒரே ஒரு பொய்யை மட்டும் சுத்தமாகச் சொல்வார். "நல்லாக் கீறேன்."

பட்டாளத்தில் இருந்தபோது மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து அவருடைய வலது முட்டி நொறுங்கியது. அதற்கு ஊனப் பென்ஷன் வருகிறது. ஆனால் அந்தக் காலில் பாரம் போடாமல் இத்தனை வருஷம் இடது காலையே ஊன்றி நடந்ததில் இடது இடுப்பும் தேய்ந்துபோனது. செருப்பு மாட்டக் குனிய முடியாது. "முட்டி செஞ்ச வேலைங்க இது" என்றார் எலும்பு டாக்டர். இடுப்பும் அந்தப் பழைய காயத்தால் போனதுதான் என்று பட்டாளத்து மெடிக்கல் போர்டு ஒப்புக்கொண்டால் பென்ஷன் கூடும். எனக்கு அதைவிட, வயசாகிவிட்டது என்று யாரும் இதைத் தள்ளிவிடக் கூடாது என்ற வெறி.

சென்னையில் முதல் போர்டுக்கு அவர் தனியாகத்தான் உள்ளே போனார். திரும்பி வரும் ரயிலில், மணவூர் தாண்டும்போது மெல்லக் கேட்டேன்.

"இன்னா பாவா கேட்டாங்க?"

"எந்த ஊருன்னாரு டாக்டரு. திருத்தணின்னேன். மலை ஏறுவீங்களான்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"ஆங், வருஷா வருஷம் படியிலதான் காவடி எடுத்துகினு போறேன்னு சொன்னேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வண்டி கவிழ்ந்தும் உயிர் பிழைத்ததற்கு, ஆடி மாதம் படியேறிக் காவடி எடுப்பதாக அவர் வேண்டிக்கொண்டது உண்மை. பல வருஷம் ஏறியதும் உண்மை. ஆனால் இப்போதெல்லாம் நடப்பது வேறு. கூட்டமில்லாத ஒரு நாளில் தெருமுனைக்கு ஆட்டோவை வரச்சொல்லி, காவடியை மடியில் கிடத்திக்கொண்டு மலைப்பாதையில் போவோம். மேலே கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வளைவில் இறங்கிக் காவடியைத் தோளில் வைத்துக்கொள்வார். அங்கிருந்து நடந்தால் படியேறி வந்தவர் மாதிரியே இருக்கும். தெருவில் யார் கேட்டாலும் படியில்தான் என்பார். நானும் வாயைத் திறந்ததில்லை.

"அங்க உக்காந்துகினு இருந்தது டாக்டரா, முருகனா? அவர்கிட்ட எதுக்கு வேண்டுதல் கதை?"

"ஆபீசரு முன்னாடி நின்னா வாய்ல தானா வந்துடுது."

அதுவும் எனக்குத் தெரிந்ததுதான். வலிக்கிறது என்று சொன்னால் பட்டாளத்தில் உடல்தகுதிக் கேட்டகரியைக் குறைத்து ஸ்டோரில் உட்கார வைத்துவிடுவார்கள், பிரமோஷன் போய்விடும். அதனால் டாக்டரைக் கண்டாலே விறைப்பாக நின்று "டீக் ஹை சாப்", நல்லா இருக்கேன் ஐயா, என்று சொல்லிப் பழகிய கூட்டம் அது. நடந்து காட்டச் சொன்னபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு பரேடு மாதிரி நடந்திருக்கிறார் மனுஷர்.

பதில் வந்தது. இடுப்பு வயதினால் தேய்ந்ததாம். "விட்டுடு" என்றார். நானா விடுவேன்? அவரை இழுத்துக்கொண்டு போய் அப்பீல் போட வைத்தேன்.

மறுபடி போர்டுக்கு வரச்சொல்லித் தேதி வந்ததும் தினமும் காலையில் அடுப்படியில் ஒத்திகை. நான்தான் டாக்டர். கையில் தோசைத் திருப்பி.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லாக் கீறேன்."

"அப்ப தோசை கெடையாது. எப்படி இருக்கீங்க?"

சிரித்துக்கொண்டே ஒருநாள் "வலிக்குதுங்க டாக்டரம்மா" என்றார். தோசை போட்டேன். ஆனால் போர்டும் அடுப்படியும் ஒன்றில்லை என்ற பயம் எனக்கு இருந்துகொண்டே இருந்தது.

இந்த முறை கெஞ்சிக் கேட்டு நானும் உள்ளே போனேன். டாக்டர் எங்கள் மகனைவிடச் சின்னவர், தமிழ்க்காரர். "எப்படி இருக்கீங்க?" என்றதும் இவர் நாற்காலியிலிருந்து எழுந்து குதிகாலைச் சேர்த்துக்கொண்டார்.

"நல்லா..."

நான் தரையையே பார்த்தேன். நான் சொன்னால் அது பெண்டாட்டி புலம்பலாகிவிடும். அவர்தான் சொல்ல வேண்டும்.

டாக்டர் காகிதத்தைப் புரட்டினார். "திருத்தணியா? படியேறிக் காவடி எடுக்கறதா போன தடவை சொல்லியிருக்கீங்க."

இவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "இல்ல சார். அது பொய். ஏற முடியல. ஆட்டோல போயி மேல எறங்கி, ஏறி வந்தவன் மாதிரி நிக்கறேன். ரொம்ப வலிக்குது சார்."

அடுப்படியில் அத்தனை நாள் சொல்ல வைத்த வார்த்தைதான். ஆனால் அவர் நிஜமாகவே அதைச் சொல்லி நான் கேட்டது அப்போதுதான். என்னால் தாங்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். டாக்டர் அவரை உட்காரச் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார்.

சில மாதம் கழித்து உத்தரவு வந்தது. இடுப்பு போனது முட்டியால்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பென்ஷன் கூடியதை மட்டும் நான் தெரு முழுக்கச் சொன்னேன்.

இந்த ஆடியில் ஆட்டோவை வீட்டு வாசலுக்கே வரச்சொன்னார். எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து, "இன்னாங்க, இந்த வருஷம் படியில போவலியா?" என்றார்.

"படியேறி ரொம்ப வருஷம் ஆவுதுங்க. இடுப்பு வலி" என்று சொல்லிவிட்டுக் காவடியை மடியில் வாங்கிக்கொண்டார்.

மலைப்பாதையில் அந்த வளைவு வந்தது. ஆட்டோக்காரர் வழக்கம்போல ஓரங்கட்டினார்.

"நிறுத்தாத. கோயில் வாசலுக்கே உடுப்பா" என்றார் என் வீட்டுக்காரர்.