கோவளத்தில் மூன்று மணி

2023 ஜனவரி 28, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன். வேதம் வாசித்தேன். பால் காய்ச்சிக் காபி கலந்தேன், அவளுக்குச் சர்க்கரை இல்லாமல். ஆறே காலுக்கு வண்டி வாசலில் நின்றது.

டைரியில் அந்தப் பக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. வண்டி என்றால் கேரவன். ஓட்டுநரோடு ஒரு நாள் வாடகைக்கு எடுத்திருந்தோம். உள்ளே இரண்டு படுக்கை, சின்ன அடுப்பு, குட்டி ஃபிரிட்ஜ். ஒரு நாளாவது இப்படிக் கடற்கரையோரம் சுற்ற வேண்டும் என்று என் மனைவி பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வங்கியில் அவளுக்குப் பதவி உயர்வு வந்திருந்தது, இடம் மேற்கு வங்கத்துச் சிலிகுரி. ஏற்பதா மறுப்பதா என்று திங்கட்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். ஒரு வாரமாகத் தாம்பரம் வீட்டில் அதைத் தவிர எல்லாவற்றையும் பேசிக்கொண்டிருந்தோம்.

எங்கே போனாலும் நேரத்தை எழுதிவைப்பது என் வழக்கம். அன்றும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார், பீச்சுக்குக்கூட டைம் டேபிளா? அலை லேட்டா வந்தா இன்னா பண்ணுவீங்க?”

அவள் கேளம்பாக்கம் வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

கோவளத்தில் சவுக்குத் தோப்பை ஒட்டி நிறுத்தினோம். படகிலிருந்து அப்போதுதான் இறங்கிய சங்கரா மீனை வாங்கினாள். வண்டிக்குள் மீன் வறுத்தால் வாடை ஒரு வாரம் போகாது என்றார் ஓட்டுநர். அடுப்பை வெளியே இறக்கி வறுத்து, முதல் தட்டை அவருக்கே கொடுத்தாள். பிறகு முட்டுக்காடு முகத்துவாரம் வரை நடந்தோம். புடவையைச் சற்றே தூக்கிப் பிடித்தபடி அவள் தண்ணீரிலேயே நடந்தாள். நான் இரண்டு பேர் செருப்பையும் எடுத்துக்கொண்டு காய்ந்த மணலில் நடந்தேன்.

தாளில் மூன்று மணிக்கு நேரே ‘பேசுவது’ என்று எழுதியிருந்தேன். இரண்டு ஐம்பதுக்கு அவள் தூங்கிவிட்டாள். பின்கதவு திறந்திருந்தது. அவள் பாதங்களில் மணல் காய்ந்து ஒட்டியிருந்தது. நாற்பது நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்ததும் நேராகத் தாளிடம் போனாள்.

“மூணு மணிக்குப் பேசணும்னு எழுதியிருக்கீங்க. எழுப்ப வேண்டியதுதானே?”

“நல்லாத் தூங்கிட்டிருந்தே.”

“சரி, நேரம் போச்சு. சொல்ல நினைச்சதை அதுலயே எழுதிடுங்க.”

பேனாவை என் கையில் கொடுத்தாள். போகாதே என்று எழுத நினைத்தேன். ஒரே சொல். கிளார்க்காகச் சேர்ந்தவள், அதிகாலையில் குக்கர் விசிலுக்கு நடுவே படித்து ஒவ்வொரு தேர்வாக எழுதியது நினைவுக்கு வந்தது. கடைசி வரியில் 4.30 புறப்படுவது என்றிருந்ததை அடித்து 5.30 என்று எழுதினேன்.

“அவ்வளவுதானா?” என்றாள். பிறகு, இன்னும் ஒரு மணி நேரம் இருப்போம் என்று ஓட்டுநரிடம் அவளே போய்ச் சொன்னாள்.

அந்த ஒரு மணி நேரம் மணலில் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தோம். பேசியதாக டைரியில் எதுவும் இல்லை.

இப்போது கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் வருகிறாள். மற்ற நாட்களில், காலை ஐந்து மணிக்கு, என் கை இன்னும் இரண்டு தம்ளரை எடுக்கிறது. அந்தத் தாளை அதே பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அடுத்த பக்கம், ஞாயிறு. ஐந்து மணிக்கு எழுந்தேன். மோட்டார் போடுவதற்கு முன்பே பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கி, ஈரத் துணியால் துடைத்து, திறந்து காயவைத்தேன்.