அத்தான் நித்திரை என்று நினைத்தேன்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு நவம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் வசிப்பது ஜெர்மனியில், ஹம் நகரத்தில். அங்கிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில் இருக்கும் ஓர் ஏரிக்கரையில்தான் இது நடந்தது.

நான் இரும்புத் தொழிற்சாலை ஒன்றில் வெல்டிங் வேலை செய்பவன். வீட்டிலும் கை சும்மா இருக்காது. மீன்பிடிக்கப் போவதற்கென்றே பழைய பிக்கப் ஒன்றை வாங்கி, ஆறு மாத சனி ஞாயிறுகளை அதற்கே கொடுத்தேன். பின்பக்கத்தை மூடிக் கூடு கட்டினேன். உள்ளே இரண்டு பேர் படுக்கப் பலகை, அதன் கீழே இழுப்பறைகள், கூரையில் தூண்டில் தடிகளைச் செருக வளையங்கள், மூலையில் சின்னக் காஸ் அடுப்பு. பத்திரங்கள் வைக்க ஓர் இரகசியப் பெட்டிகூட உண்டு. பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். எனக்கும் தலை கொஞ்சம் வீங்கித்தான் போயிற்று.

இந்த நாட்டில் வாகனத்தில் இப்படி எதையாவது மாற்றினால் பரிசோதகரிடம் காட்டி அனுமதி எடுக்கவேண்டும். பரிசோதகர் இழுப்பறைகளை இழுத்து இழுத்துப் பார்த்து இரசித்துவிட்டு, "அடுப்பு வைத்திருக்கிறீர்கள், காற்று வர வழி எங்கே?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த டெர்மீன், அதாவது சந்திப்பு நேரம், கிடைக்க மூன்று கிழமை. தரையில் ஒன்றும் கூரையில் ஒன்றுமாக உள்ளங்கை அகலத்துக்குத் துளை போட்டு, கம்பிவலை அடித்துக் கொண்டுபோனேன். முத்திரை விழுந்தது.

முதல் பயணத்திலேயே அந்தத் துளைகளால் குளிர் ஏறி உயிரை எடுத்தது. இவர்களுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு சட்டம் என்று புறுபுறுத்தபடி, வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் பஞ்சு வைத்து அடைத்துத் தகடு ஒட்டினேன். அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்குப் பெரிய விஷயமாக எனக்குப் படவில்லை.

அதற்கடுத்த பயணம்தான் அந்த ஞாயிறு. என்னோடு வந்தவர் என் அக்காவின் கணவர். முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து நேரே வந்திருந்தார். மதியம் மழை பிடித்துக்கொண்டது.

"எனக்குக் கண் சொருகுதடாப்பா. கொஞ்ச நேரம் சரியிறன்" என்றார்.

"படுங்கோ அத்தான். அடுப்பைச் சின்னனா எரிய விட்டிட்டுப் போறன், குளிராது."

பின்கதவை இறுக்கிச் சாத்திவிட்டு, கரையில் குடை பிடித்துக்கொண்டு தூண்டிலோடு உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் போயிருக்கும். மீன்பிடி அனுமதிகளைச் சோதிக்கும் பெண் ஒருவர் நாயோடு வந்தார். அட்டையைக் கேட்டார். வண்டிக்குள் இருக்கிறது, ஒருவர் தூங்குகிறார், பிறகு காட்டலாமா என்று கேட்டேன். "இல்லை, இப்போதே" என்றார் அவர். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. முணுமுணுத்துக்கொண்டு நடந்தேன். அவரும் பின்னாலேயே வந்தார்.

கதவைத் திறந்தேன். அத்தான் அசையாமல் படுத்திருந்தார். பாவம், நல்ல நித்திரை என்று நினைத்தேன். பெட்டியிலிருந்து அட்டையை எடுத்தேன். எடுத்ததோடு, அவர் எழும்பிவிடக் கூடாதே என்று சத்தமில்லாமல் கதவைச் சாத்தவும் போனேன்.

அந்தப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கண் அடுப்பில் இருந்தது.

"வெளியே இழுங்கள் அவரை! உடனே!"

ஆளுக்கொரு தோளாகப் பிடித்து ஈரப்புல்லில் கிடத்தினோம். அத்தானின் தலை துவண்டு தொங்கியது. நான் "அத்தான், அத்தான்" என்று கத்துவதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பெண்தான் அவசர இலக்கத்துக்கு அழைத்தார், மூச்சைப் பார்த்தார், தன் மழைச்சட்டையைக் கழற்றிப் போர்த்தினார். என் அட்டை சேற்றில் கிடந்தது. அதை அவர் கடைசிவரை பார்க்கவேயில்லை.

காற்றோட்டம் இல்லாத இடத்தில் காஸ் எரிந்தால் மணமே இல்லாத நச்சு வாயு சேருமாம். இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் கதை வேறு என்றார் வைத்தியர். மாலைக்குள் அத்தான் கண் திறந்து, ஒட்சிசன் முகமூடிக்குள்ளிருந்து, "மீன் பட்டதோ?" என்று கேட்டார். நான் வெளியே போய் அழுதேன்.

அக்கா ஓடிவந்து, வைத்தியசாலை நடைவழியில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீ கதவைத் திறந்தபடியாத்தான் தப்பினவர். இந்தக் கையைக் கும்பிட வேணுமடா."

அப்படியே விட்டிருக்கலாம். அந்தத் துளைகளைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? ஆனால் அவள் கைகளை விடவில்லை, என்னால் தாங்கவும் முடியவில்லை. அடைத்தது நான்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா மெல்லக் கேட்டாள்.

"வாற கிழமை என்ரை பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொன்னனி, என்ன?"

"ஓம்."

"அதுக்குள்ள தானே படுக்க விட்டிருப்பாய்?"

அதற்கும் ஓம் என்றுதான் சொல்லவேண்டியிருந்தது.

அவள் திட்டவில்லை. கைகளை விட்டுவிட்டு, அத்தானிடம் உள்ளே போனாள். திட்டியிருந்தால் ஒருவேளை நானும் காலப்போக்கில் மறந்திருப்பேன். இப்போதும் எதையாவது செய்து முடித்து, யாராவது "உன்ரை கைவேலை அருமை" என்று மெச்சும்போது, மகிழ்ச்சிக்கு முன்னால் அக்காவின் அந்தக் கேள்விதான் வந்து நிற்கிறது. வேலையை இன்னொரு தரம் சரிபார்க்காமல் என்னால் நன்றி சொல்ல முடிவதில்லை.