பேனரில் இல்லாத சூனியக்காரிகள்

நான் எழுதிய முதல் நாவல் சூனியக்காரிகளைப் பற்றியது. மலேசியாவில் பந்திங் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே பள்ளியில் மூன்றாம் படிவம் படிக்கும் பதினைந்து வயதுப் பெண்கள் மூன்று பேருக்குத் தங்களிடம் மந்திர சக்தி இருப்பது தெரியவருகிறது. பதின்ம வயதுப் பிள்ளைகள் தமிழில் விரும்பிப் படிக்க ஏதாவது வேண்டும் என்றுதான் எழுதினேன். ‘செம்பனைக் காட்டுச் சூனியக்காரிகள்’ என்று பெயர் வைத்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சங்கத்தின் மாடி மண்டபத்தில் வெளியீடு. கிள்ளானிலிருந்து கிளம்பி, பார்க்கிங் தேடி அலைந்து, நானும் கணவரும் புத்தகப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு படியேறினோம். மேடையில் பெரிய பேனர். அதில் ‘செம்பனைக் காட்டுத் தோழிகள்’ என்று இருந்தது.

பெட்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. சங்கத் தலைவரைத் தேடிப் போய்க் கேட்டேன்.

“சாமி படம் மாட்டியிருக்கிற ஹாலு தங்கச்சி. அந்த வார்த்தைய எப்படி லா போடறது? தோழிகள்னா நல்லாத்தானே இருக்கு?”

“போன்லயே சொல்லியிருக்கலாமே அண்ணே.”

“சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் சொல்லல.”

சிறப்பு விருந்தினரான, டத்தோ பட்டம் பெற்ற அரசியல்வாதி ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். புத்தகத்தைப் புகைப்படத்துக்காகத் தூக்கிப் பிடித்தார். நட்பின் பெருமையைப் பேசும் நல்ல நூல் என்றார். பிறகு தன் தொகுதியில் நடக்கப்போகும் விளையாட்டுப் போட்டியைப் பற்றி விரிவாகப் பேசினார். அடுத்து வந்தவர் என் நாவலில் தாய்மை போற்றப்படுவதாகச் சொன்னார். என் நாவலில் அம்மா என்று ஒருத்தியே இல்லை. உண்மையில் புத்தகத்தைப் படித்து, குறிப்பெடுத்து வந்திருந்தவர் ஒரு விரிவுரையாளர் மட்டும்தான். நேரமில்லை என்று அவர் பேச்சை நீக்கிவிட்டார்கள். பாவம், அவர் கையில் தாள்களோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

நாற்காலிகளை நிரப்ப ஒரு டியூஷன் மையத்திலிருந்து பிள்ளைகளை அழைத்து வந்திருந்தார்கள். எல்லோரும் பின்வரிசையில் குனிந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் முறை வந்தபோது இரண்டு நிமிடத்தில் முடிக்கச் சொன்னார்கள். அந்தப் பெண்கள் மழையை வரவழைக்கும் அத்தியாயத்தை வாசிக்க வீட்டில் பலமுறை பழகியிருந்தேன். புத்தகத்தை மூடி வைத்தேன்.

“பேனர்ல தப்பா இருக்கு,” என்றேன். “இவங்க தோழிங்க இல்ல. ஒருத்திய ஒருத்திக்குப் பிடிக்காது. மூணு பேருமே சூனியக்காரிங்க.”

பின்வரிசையில் சில தலைகள் நிமிர்ந்தன. யாரோ சிரித்தார்கள். அடுத்த வாக்கியத்துக்குள் தலைவர் வந்து மைக்கை வாங்கி, நன்றி சொல்லி, சாப்பாடு தயார் என்று அறிவித்துவிட்டார். நாற்காலிகள் இழுபடும் சத்தத்தில் நான் மேடையிலிருந்து இறங்கினேன்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் வண்டிகள் நகராத அளவுக்கு நல்ல ஜேம். வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தேன். “அதான் மேடையிலயே சொல்லிட்டல்ல, விடு,” என்றார் கணவர். என்னால் விட முடியவில்லை.

அடுத்த வாரம் முன்பின் தெரியாத ஒரு பெண் புத்தகத்தில் இருந்த எண்ணைப் பார்த்து ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து அழைத்தார். பிள்ளைக்கு இதையெல்லாமா படிக்கக் கொடுப்பது என்று கேட்கப் போகிறார் என நினைத்துப் பதிலைத் தயார் செய்துகொண்டேன். மகள் பேச வேண்டுமாம். போனை அவளிடம் கொடுத்தார்.

“ஆன்டி, ரெண்டாவது அக்கா ஏன் கடைசில, விட்டுட்டு ஓடி வந்த அந்த வீட்டுக்கே திரும்பிப் போறாங்க?”

அவளுக்குப் போக வேறு இடமில்லை என்று விளக்கினேன். தோட்டத்து வாழ்க்கை அப்படி என்றேன். அந்தப் பிள்ளை பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

“ஆனா அவங்களுக்குப் பறக்கத் தெரியுமே, ஆன்டி.”

இன்னொரு முறை படித்துப் பார், புரியும் என்றேன். இரண்டு முறை படித்துவிட்டதாகச் சொன்னாள்.

போனை வைத்துவிட்டுக் கடைசி அத்தியாயத்தை எடுத்து உட்கார்ந்தேன். அவள் சொன்னது சரி. புத்தகமோ அச்சாகி, பெட்டி பெட்டியாக வரவேற்பறையில் கிடந்தது.